அடகுப் பொருளும் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, என் பால்ய நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டின் மீது கடன் கொடுத்திருந்த நிறுவனம் அனுப்பிய அறிவிப்பு அது. 60 நாட்களுக்குள் நிலுவை முழுவதையும் செலுத்த வேண்டும். தவறினால் வீட்டைத் தங்கள் வசம் எடுத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம்.

வளைகுடாவில் இருந்த அவருடைய மகன் வேலையை இழந்து ஊர் திரும்பிய நாள் முதல் தவணைகள் தவறத் தொடங்கியிருந்தன. அடமானம் வைக்கப்பட்ட வீடு அவருடைய பாட்டனார் காலத்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்த நாட்களில் எழுதப்பட்ட பழைய பத்திரம், பிரெஞ்சு மொழியில், மற்ற மூலப் பத்திரங்களோடு சேர்ந்து கடன் கொடுத்தவரின் பெட்டகத்தில் இருந்தது. கட்டிய தவணை ஒன்று கணக்கில் ஏறவில்லை என்று நண்பர் சொன்னார். வசூலுக்கு வந்தவர்கள் தெருவில் நின்று குரல் உயர்த்திப் பேசியதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: “இவங்க மேல நான் வழக்குப் போட முடியாதா?”

வட்டிக் கடனில் போய் விழுந்தது தவறு என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். ஆனால் கிணற்றில் விழுந்தவரிடம் ஏன் விழுந்தாய் என்று கேட்பதற்கு அது நேரமன்று. அன்று அஸருக்குப் பின் எனக்குப் பழக்கமான வழக்கறிஞர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அங்கே கேட்டறிந்தவை நம் சகோதரர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அவற்றில் ஒரேயொரு பிரிவு; அதற்குப் பிறகு வருகிறேன்.

நண்பருக்கு வந்த அறிவிப்பு, 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, ‘சர்ஃபாசி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் அனுப்பப்பட்டது. வங்கியோ, இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் நிதி நிறுவனமோ, தன்னிடம் அடமானமாக உள்ள சொத்தை நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே கைப்பற்றி விற்றுக்கொள்ள இச்சட்டம் வழி செய்கிறது. அறிவிப்பு கிடைத்தபின் கடனாளி தன் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். 15 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் அதற்குக் காரணங்களோடு பதில் தர வேண்டும். 60 நாட்களில் தொகை வராவிட்டால் சொத்தைத் தம் வசம் எடுக்கும் நடவடிக்கையில் இறங்கலாம். அவ்வாறு இறங்கிய நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கடனாளி முறையிடலாம். அந்தத் தீர்ப்பாயம் காரைக்காலில் இல்லை. வெளியூர் போயாக வேண்டும். நம் ஊர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கலாம் என்றால், 34ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிடுகிறது.

இச்சட்டம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், தீர்ப்பாயத்தை அணுகுவதற்கு முன்பே கேட்கப்படும் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை மட்டும் நீக்கிற்று. கடனாளியின் ஆட்சேபத்தைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையும் அந்தத் தீர்ப்பின் பின்னரே சட்டத்தில் எழுதப்பட்டது. கடன் கொடுத்தவரின் செயல் மோசடி என்று குற்றஞ்சாட்டப்படும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சிறிதளவு இடமுண்டு என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கிய வழக்கறிஞர், நண்பரின் கேள்விக்கு வந்தார். 32ஆம் பிரிவைக் காட்டினார். இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்ததற்காகவோ செய்யாமல் விட்டதற்காகவோ கடன் கொடுத்தவர் மீதும் அவருடைய அதிகாரிகள் மீதும் வழக்கோ வேறு சட்ட நடவடிக்கையோ கிடையாது என்பது அதன் பொருள்.

“நல்லெண்ணம் என்றால் என்ன?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, “நல்ல கேள்வி. அதற்கும் சட்டத்தில் பொருள் எழுதியிருக்கிறார்கள்” என்றார். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் என்று ஒன்று உண்டு. மத்திய சட்டங்களில் வரும் பொதுவான சொற்களுக்கு, வேறு பொருள் சொல்லப்படாத இடத்தில், அது தரும் பொருளே எடுத்துக்கொள்ளப்படும். அதன்படி, ஒரு செயல் உண்மையில் நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் அது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. கவனக்குறைவாகச் செய்யப்பட்டதா இல்லையா என்பது பொருட்டன்று. குற்றவியல் சட்டமோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: உரிய கவனம் இல்லாத இடத்தில் நல்லெண்ணமும் இல்லை. ஒரே சொல்லுக்கு ஒரே நாட்டின் இரண்டு சட்டங்களில் இரண்டு பொருள்.

இதனால் கடனாளிக்குப் பரிகாரமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சொத்தைக் கைப்பற்றியது சட்டப்படி நடக்கவில்லை என்று தீர்ப்பாயம் கண்டால் அதைத் திருப்பித் தரும்படி உத்தரவிடலாம். 19ஆம் பிரிவின்படி இழப்பீடும் செலவுத் தொகையும் கிடைக்கும். கைப்பற்றிய வீட்டை, சாதாரண அறிவுள்ள ஒரு சொந்தக்காரர் தம் சொத்தை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. விற்று மிஞ்சும் தொகை உரியவருக்குச் சேர வேண்டும். விவசாய நிலத்தின் மீது இச்சட்டம் பாயாது. ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால், நேர்மையாக நடந்துகொண்டேன் என்று சொல்லக்கூடிய கடன் கொடுத்தவரைச் சுற்றிச் சட்டம் ஒரு மதிலை எழுப்பியிருக்கிறது. அலட்சியம்கூட அந்த மதிலுக்கு உள்ளேதான் நிற்கிறது.

நண்பர் தலை குனிந்து அமர்ந்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

2017ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் காலை வேளைகளில் இடியாப்பம் அவித்து விற்றுவந்த ஒரு லாத்தா, மகனுக்கு வெளிநாட்டு விசா வந்திருக்கிறது, 40,000 ரூபாய் குறைகிறது என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவரை இழந்தவர். சுருக்குப் பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து என் முன் வைத்தார். மூன்று சவரன். “சும்மா வாங்க எனக்குக் கூச்சமா இருக்கு தம்பி. இது ஒங்கள்ட்ட இருக்கட்டும்” என்றார். அடகுக் கடைக்குப் போனால் வட்டி. வட்டிக்கு அஞ்சித்தான் என்னிடம் வந்திருந்தார். நான் அழகிய கடனாகவே கொடுத்தேன். ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. சங்கிலியை எடை போட்டு, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். என் மனைவி அதை ஒரு நாளும் அணிந்ததில்லை. கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காரணமாக வைத்துப் பயன் பெறுவது வட்டியின் வாசலுக்குக் கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். மார்க்கப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

சில மாதங்கள் கழிந்து நாகூரில் உறவினர் வீட்டுத் திருமணம். குடும்பத்தோடு சென்று ஓரிரவு தங்கித் திரும்பினோம். வாசற்கதவின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. பீரோ உடைக்கப்படவில்லை, திறந்தே கிடந்தது. அதன் சாவியை வழக்கம்போல் பீரோவின் மேலேயே, மடித்த துணிக்கு அடியில் வைத்திருந்தோம். கொஞ்சம் ரொக்கம், குழந்தையின் வெள்ளிக் கொலுசு, அந்தச் சங்கிலி ஆகியவை போயிருந்தன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எதுவும் திரும்ப வரவில்லை.

அன்று மாலையே லாத்தாவுக்குச் செய்தி போய்விட்டது. நான் அவரைத் தேடிச் செல்வதற்குள் அவரே வந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வோட நாட்டம். நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார். புறப்படும்போது என்னைப் பார்த்து, “தம்பி, பையன் சம்பளம் அனுப்ப ஆரம்பிச்சதும் ஒங்க பணத்தக் கொடுத்துடுவேன். கவலப்படாதீங்க” என்றார்.

சங்கிலி தொலைந்தது அவருடையது. கவலைப்படாதே என்று தேற்றப்பட்டவன் நான். அந்த நேரத்தில் நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்பதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் சென்று மஸ்அலா கேட்டேன். அடகுப் பொருள் திருடு போனால் கடன் நிற்குமா, விழுமா?

அவர் இரண்டு மத்ஹபுகளின் நிலைப்பாட்டையும் சொன்னார். ஷாஃபிஈ மத்ஹபில், அடகாகப் பெறப்பட்ட பொருள் வைத்திருப்பவர் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறாமலும் அலட்சியம் காட்டாமலும் இருக்க அது அழிந்துபோனால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனும் அப்படியே நிற்கும். அடகு அதன் உரிமையாளரை விட்டு நீங்கிவிடாது, அதன் ஆதாயமும் அவருக்கே, நட்டமும் அவருக்கே என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி அவர்களுடைய ஆதாரங்களில் ஒன்று. ஹனஃபி மத்ஹபில் நிலைமை வேறு. பொருளின் மதிப்பு, கடன் தொகை இவ்விரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு வைத்திருப்பவர் பொறுப்பாளி. அவர் அலட்சியமாக இல்லாவிட்டாலும் அந்த அளவு கடன் கழிந்துபோகும். கடனுக்கு மேற்பட்ட மதிப்பு மட்டுமே அமானிதம்.

காரைக்காலில் இரண்டு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறோம். கடற்கரையோரத்து மரைக்காயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. எங்கள் குடும்பமும் அப்படியே. லாத்தாவின் குடும்பம் ஹனஃபி. அன்றைக்குச் சவரன் ஏறத்தாழ 22,000 ரூபாய். சங்கிலியின் மதிப்பு 66,000. அவருடைய மத்ஹபின்படி அவர் எனக்குத் தர வேண்டிய 40,000 ரூபாயும் சங்கிலியோடு போய்விட்டது. என்னுடைய மத்ஹபின்படி அவர் சங்கிலியையும் இழந்து, கடனையும் அடைக்க வேண்டும். அவரோ தம் மத்ஹப் தமக்குத் தரும் சலுகையை அறியாமல், என் மத்ஹபின்படி நடந்துகொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். ஆலிம் சொன்னதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிற்று. எனக்கு ஒரு மத்ஹப் இருந்தது. அதில் எனக்கு ஒரு தீர்வும் இருந்தது. ஸலாம் சொல்லி எழுந்தேன். அப்போது அவர், “கொஞ்சம் இருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் ஒன்று கேட்கட்டுமா?” என்றார். உட்கார்ந்தேன்.

“அந்த இரவு உங்கள் வீட்டு நகைகள் எங்கே இருந்தன?”

என் மனைவியின் நகைகள் வங்கிப் பெட்டகத்தில் இருந்தன. திருமணத்துக்கு அணிந்து சென்றவை அவள் உடலில் இருந்தன. வீட்டில் இருந்த ஒரே தங்கம் லாத்தாவின் சங்கிலிதான். எந்த நேரமும் மீட்க வருவார், பெட்டகத்துக்கு அலைவானேன் என்று பீரோவிலேயே வைத்திருந்தோம். அதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. ஆனால் என் பொருளுக்கு நான் தேடிய காவலை அவருடைய பொருளுக்கு நான் தேடவில்லை.

ஆலிம் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “பீரோவில் பூட்டி வைப்பது நம் வழக்கத்தில் காவல்தான். சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போவது காவலா? நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். அலட்சியம் இருந்ததா இல்லையா என்பது உங்களுக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது” என்று மட்டும் சொன்னார்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அதே கேள்வியைத்தான் கேட்கிறது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். நகை அடகை ஆள்வது சர்ஃபாசி சட்டமன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 151ஆம் பிரிவு, பிறர் பொருளை ஒப்படைப்பாக வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. அவ்வளவு கவனம் எடுத்திருந்தும் பொருள் தொலைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவர் பொறுப்பாளி அல்லர் என்று 152ஆம் பிரிவு அவரை விடுவிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாட்டுக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். 176ஆம் பிரிவு, முறையான அறிவிப்புக் கொடுத்த பிறகே அடகுப் பொருளை விற்கலாம், மிஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. உண்மையில் விற்கப்படும் வரை, தவணை கடந்தவரும் தம் பொருளை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது 177ஆம் பிரிவு. அடகு வாங்கியவர் பொருளைத் திருப்பித் தர முடியாத நிலையில், அதையும் கொடுக்காமல் கடனையும் கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் லல்லன் பிரசாத் எதிர் ரஹ்மத் அலி வழக்கில் கூறியிருக்கிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் அத்தீர்ப்பு உள்ளது.

ஆக, என் முன் மூன்று அளவுகோல்கள் இருந்தன. முதலாவது, எண்ணம் நேர்மையாக இருந்தால் போதும், அலட்சியத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. இரண்டாவது, எண்ணமும் நேர்மையாக இருக்க வேண்டும், கவனமும் இருக்க வேண்டும். மூன்றாவது, இரண்டும் இருந்தாலும் உன் கையில் இருக்கும்போது போன பொருளுக்கு உன் கடனளவுக்கு நீயே பொறுப்பு. முதல் அளவுகோலில் நான் தப்பினேன். இரண்டாவதில், என் சொந்தப் பத்திரத்தையே எனக்கு எதிரான சாட்சியாக, வங்கிப் பெட்டகத்தின் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டேன்.

அன்று இரவு இஷாவுக்குப் பின் சூரத்துல் பகராவின் கடன் பற்றிய வசனங்களை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை நான் நிறைவேற்றியிருந்தேன். அடுத்த வசனம் அடகைப் பற்றியது. பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் கைப்பற்றப்பட்ட அடகு போதும் என்று தொடங்கும் அவ்வசனம், அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஒருவரை ஒருவர் நம்பினால், நம்பப்பட்டவர் தம் அமானிதத்தை நிறைவேற்றட்டும், தம் இறைவனாகிய அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும், சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்ற கருத்தோடு முடிகிறது. அடகைப் பேசும் இடத்தில் அமானிதத்தையும் சாட்சியத்தையும் அல்லாஹ் சேர்த்துப் பேசியிருக்கிறான். என் வீட்டு நகை எங்கே இருந்தது என்பது நான் மறைத்து வைத்திருந்த சாட்சியம். லாத்தா அதை அறியமாட்டார். நான் சொல்லாவிட்டால் அவருக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை.

மறுநாள் காலை இடியாப்ப வியாபாரம் முடிந்த நேரத்தில் அவர் வீட்டுக்குச் சென்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டகத்தையும் சொன்னேன். கடன் தீர்ந்துவிட்டது என்று நோட்டில் எழுதி அவர் முன் கையெழுத்திட்டேன். மிகுதி 26,000 ரூபாயை அவரிடம் வைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அது எங்கம்மா கழுத்துல கெடந்தது தம்பி” என்றார். அவ்வளவுதான். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பணத்தை வாங்க முதலில் மறுத்தார். இது தர்மமன்று, உங்கள் ஹக்கு என்று வற்புறுத்தியபின் எடுத்துக்கொண்டார். அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அவருடைய தாயின் சங்கிலிக்கு விலை போட என்னால் முடியவில்லை. ஈடு என்பது தங்கத்தின் எடைக்குத்தான். அதற்கு மேற்பட்ட ஒன்றை எந்த மத்ஹபின் கணக்கிலும், எந்தச் சட்டத்தின் பிரிவிலும் என்னால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

இதனால்தான் வழக்கறிஞர் 32ஆம் பிரிவைக் காட்டியபோது என்னால் கடன் கொடுத்தவர்களைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சட்டம் எனக்கு அத்தகைய மதிலைத் தந்திருந்தால் நானும் அதன் நிழலில் படுத்து உறங்கியிருப்பேன். இரண்டு நாள் உறங்கியும் இருந்தேன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பவருக்குப் பாதுகாப்பே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் கொடுத்தவரையே பிடித்துக்கொண்டால் யாரும் யாருக்கும் கடன் தரமாட்டார்கள். ஏழைதான் முதலில் பாதிக்கப்படுவார். ஷாஃபிஈ இமாம்கள் அடகை அமானிதம் என்று வைத்ததிலும் கொடுத்தவரின் மீதான இரக்கம் இருக்கிறது. ஹனஃபி இமாம்கள் கடனளவுக்குப் பொறுப்பாக்கியதிலும் வாங்கியவரின் மீதான இரக்கம் இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்த வேளையில் அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. அடகு வைப்பதன் கூச்சத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது உங்களுக்கு மேலும் நல்லது என்ற கருத்தில் இறங்கிய 2:280 வசனத்தையும் நமக்கு ஓதிக் காட்டினார்கள். உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை முழுவதும் நீட்டலாமா என்பதை இவ்வசனம் கேட்கிறது.

நண்பரின் செய்திக்கு வருகிறேன். வழக்கறிஞரின் உதவியோடு ஆட்சேபத்தை எழுதி, ரசீதின் நகலோடு அனுப்பினார். கணக்கில் ஏறாத தவணை ஏற்றப்பட்டது. கடன் மட்டும் கடனாகவே நின்றது. நெரவிப் பக்கம் இருந்த ஒரு மனையை விற்று, ஏல அறிவிப்பு வெளிவருமுன் பேசித் தீர்த்துக்கொண்டார். அந்த ‘முன்’ முக்கியமானது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியானதும் மீட்கும் உரிமை முடிந்துபோகிறது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று எண்ணிக் காத்திருந்து வீட்டை இழக்க வேண்டாம். அறிவிப்பு வந்தால் அலமாரியில் ஒளித்து வைக்காதீர்கள். அன்றே விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கடனை அடைத்து முடித்தவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2023இல் பிறப்பித்த உத்தரவின்படி, முழுவதும் அடைத்த 30 நாட்களுக்குள் வீட்டுப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். நகைக் கடனுக்கு 2025 ஜூனில் வந்த நெறிமுறைகள், கடன் வாங்குபவரின் முன்னிலையிலேயே நகையை மதிப்பிடவும், கடன் அடைந்த 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தரவும், ஏலத்தில் மிஞ்சியதை ஒப்படைக்கவும் வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கட்டாயப்படுத்துகின்றன. இவை உங்கள் உரிமைகள். கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

இனி, கொடுக்கும் இடத்தில் இருக்கும் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால்கள் நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாக் கடன் தரும் நற்பணியைச் செய்யுமிடத்தில், தனி நபர்களாக நாம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்து உதவுமிடத்தில், மூன்று காரியங்களை மறக்க வேண்டாம். நகையின் எடையோடு நிழற்படத்தையும் சேர்த்துச் சாட்சிகளோடு பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டு நகை எங்கே இருக்கிறதோ அதைவிடத் தாழ்ந்த இடத்தில் பிறர் நகையை வைக்காதீர்கள். பொருள் தொலைந்தால் என்ன செய்வது என்பதைத் தொலைவதற்கு முன்பே ஆலிம்களிடம் கேட்டு, இரு தரப்பும் புரிந்துகொண்டு எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு கேட்கும்போது, நமக்குச் சாதகமான மத்ஹபையே நம் மனம் தேடும். நான் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

லாத்தாவின் மகன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இடியாப்ப வியாபாரத்தை அவர் நிறுத்திவிட்டார். பெருநாள் அன்று எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்ப மறப்பதில்லை. அவரைத் தெருவில் காணும்போதெல்லாம் என் கண் அவர் கழுத்துக்குப் போய்த் திரும்புகிறது.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவற்றில் நாங்கள் காட்டிய அலட்சியத்தை மன்னிப்பாயாக. கடன்பட்டோரின் கடனை எளிதாக்குவாயாக. கொடுத்தோரின் உள்ளத்தில் இரக்கத்தை வைப்பாயாக. அமானிதத்தை நிறைவேற்றியவர்களாக எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.